பார்க்கின்சன் மாத்திரை கிடைக்காத நாட்களில்: எல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில், மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, சாலையோரத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். எங்கள் பக்கத்தில் பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்குச் சீட்டு எழுதுகிற மருத்துவர் திருவனந்தபுரத்தில் இருக்கிறார். மாத்திரை தீர்ந்துபோகிற வீடோ இங்கே இருக்கிறது. அட்டை காலியான பிறகு கடைக்கு ஓடிவருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்ல. யாருக்கு எவ்வளவு மாத்திரை என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் பதில் சொல்லும்வரை வீட்டில் என்ன செய்யக் கூடாது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

இந்த மாத்திரை என்னதான் செய்கிறது? ஒரு வாரம் இல்லாவிட்டால் கை கொஞ்சம் கூடுதலாக நடுங்கும், அவ்வளவுதானே?

இல்லை. பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே போகின்றன. உடம்பை அசைக்க, நடக்க, விழுங்க, படுக்கையில் புரண்டு படுக்க, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். இந்த மாத்திரையில் உள்ள லெவோடோபா என்ற மருந்து மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. கூடவே இருக்கும் கார்பிடோபா, அந்த மாற்றம் வழியிலேயே, ரத்தத்திலேயே நடந்து வீணாகாமல் காக்கிறது. வாந்தி வராமல் தடுப்பதும் அதுதான்.

எனவே மாத்திரை நின்றால் கூடுவது நடுக்கம் மட்டும் அல்ல. உடம்பு இறுகும், எழுந்திருக்க முடியாது, கஞ்சி தொண்டையில் இறங்காது. விழுங்க முடியாமல் உணவு மூச்சுக்குழாயில் போனால் நிமோனியா வரும். இது வலி மாத்திரை போல வேண்டும்போது போட்டுக்கொள்ளும் மருந்து அல்ல.

இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் இருந்தோம். எங்கள் பாட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகக் கவலை தருவது. லெவோடோபாவுக்கு இரண்டு விதமான பலன் உண்டு. ஒன்று, மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்குத் தெரிவது. இன்னொன்று, தொடர்ந்து சாப்பிட்டு வருவதால் உடம்பில் ஊறி நிற்பது. இந்த இரண்டாவது பலன், மாத்திரை நின்ற பிறகும் சில நாட்களுக்கு மெல்ல மெல்லத்தான் குறையும். முழுவதும் வடிய ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகலாம். நோய் ஆரம்ப நிலையில் இருப்பவர்களிடம் அது நன்றாகவே தாங்கும்.

அதனால் முதல் இரண்டு நாட்களைப் பார்த்துவிட்டு வீட்டார் தைரியமாக இருந்துவிடுகிறார்கள். அடுத்தடுத்த நாட்களில் ஆள் சரிகிறார். பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த அவகாசமும் இல்லை. ஒரு வேளை தவறினாலே உட்கார்ந்த இடத்தில் உறைந்துவிடுவார்கள்.

மருந்து ஏன் திடீரென்று காணாமல் போகிறது? கடைக்காரர்கள் பதுக்குகிறீர்களா?

பதுக்கி வைத்தால் எங்களுக்கே நஷ்டம், தேதி முடிந்துவிடும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் தினமும் நூறு பேருக்குப் போகும். பார்க்கின்சன் மாத்திரையோ ஒரு சிறிய கடையில் நான்கைந்து குடும்பங்களுக்குத்தான் போகும். அதனால் கடைக்காரர் குறைவாகவே வாங்கி வைப்பார். மொத்த வியாபாரியும் அப்படித்தான். மூலப்பொருள் வரத்து தாமதமானாலோ, ஒரு கம்பெனி ஒரு குறிப்பிட்ட அளவு மாத்திரையின் தயாரிப்பைக் குறைத்தாலோ, பெரிய நகரத்துக்கு முன்பாக இந்த மாதிரிக் கடைகளில்தான் அலமாரி காலியாகும்.

ஒன்று கவனியுங்கள். பெரும்பாலும் தட்டுப்பாடு வருவது ஒரு கம்பெனியின் ஒரு அளவுக்குத்தான், மருந்துக்கே அல்ல. 'மருந்தே இல்லையாம்' என்று வீட்டில் சொல்வதற்கு முன்பு, இல்லாமல் போனது எது என்று கடையில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

களியக்காவிளை தாண்டி, கேரளத்துப் பாறசாலையில் வாங்கலாமா? தமிழ்நாட்டுச் சீட்டை அங்கே ஏற்பார்களா?

தாராளமாக வாங்கலாம். பதிவு பெற்ற மருத்துவர் எழுதிய சீட்டு நாடு முழுவதும் செல்லும். திருவனந்தபுரத்துச் சீட்டுக்கு நாங்கள் மருந்து கொடுக்கிறோம். குழித்துறைச் சீட்டுக்கு அவர்கள் கொடுப்பார்கள். சீட்டில் தேதி, நோயாளி பெயர், மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். மடித்து மடித்துக் கிழிந்துபோன பழைய சீட்டை எந்தப் பக்கத்திலும் வாங்க மாட்டார்கள்.

எல்லையில் இருப்பது இந்த விஷயத்தில் நமக்கு அனுகூலம். மருந்து கம்பெனிகள் ஸ்டாக்கிஸ்டுகளைப் பகுதி பகுதியாகத்தான் நியமிக்கின்றன. எனக்குச் சரக்கு வரும் வழி வேறு, பாறசாலைக் கடைக்கு வரும் வழி வேறு. இங்கே இல்லாதது அங்கே இருக்கலாம். அங்கே இல்லாதது நாகர்கோவிலில் இருக்கலாம். பஸ் ஏறுவதற்கு முன்பு அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பித் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தைச் சுற்றியுள்ள கடைகளில் நரம்பு நோய் மருந்துகள் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. கேரளத்தில் காருண்யா மருந்தகங்கள், நம் பக்கத்தில் முதல்வர் மருந்தகம், இரண்டு பக்கமும் மக்கள் மருந்தகம், இவற்றிலும் கேளுங்கள். கேரளத்தில் ஹர்த்தால் என்றால் மருந்துக்கடை திறந்திருந்தாலும் பஸ் ஓடாது, அதையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள்.

அதே மருந்துதான் வேறு பெயரில் இருக்கிறது என்கிறீர்கள். பிறகு ஏன் 'டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள்' என்று திருப்பி அனுப்புகிறீர்கள்?

சட்டம் அப்படி இருக்கிறது. லெவோடோபா, கார்பிடோபா இரண்டும் மருந்து விதிகளில், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஹெச் அட்டவணையில் உள்ளவை. அந்த அட்டவணை மருந்துக்குச் சீட்டில் ஒரு கம்பெனிப் பெயர் எழுதியிருந்தால், உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாகவே இருந்தாலும் வேறு கம்பெனி மாத்திரையை மருந்தாளுநர் தானாக மாற்றிக் கொடுக்கக் கூடாது. கடைக்காரச் சேட்டன் கொடுக்க மறுக்கிறார் என்று பாறசாலையில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர் செய்தது சரி.

இதற்கு எளிய வழி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போதே கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள்: 'லெவோடோபா 100 மி.கி., கார்பிடோபா 25 மி.கி.' என்று. 'இது கிடைக்காவிட்டால் இன்னது தரலாம்' என்று ஒரு வரி சேர்த்து வாங்கினால் இன்னும் நல்லது. அந்த ஒரு வரி உங்களுக்கு ஒரு முழுநாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். மருத்துவரை நேரில் பார்க்க முடியாதபோது, ஏற்கெனவே அவரிடம் காட்டி வரும் நோயாளிக்குத் தொலைபேசியிலோ காணொளியிலோ ஆலோசனை சொல்லிச் சீட்டு அனுப்ப 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் இடம் தருகிறது. அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவையும் இருக்கிறது.

110, 125, 275 என்று மூன்று வகை இருக்கிறது. எது கடையில் இருக்கிறதோ அதைக் கொடுத்தால் போதாதா?

போதாது. இந்த எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் ஏன் என்பது விளங்கும். சிண்டோபா போன்ற மாத்திரைகளின் பெயரில் இருக்கும் எண், உள்ளே உள்ள இரண்டு மருந்துகளின் கூட்டுத்தொகை. 110 என்றால் லெவோடோபா 100, கார்பிடோபா 10. 125 என்றால் லெவோடோபா 100, கார்பிடோபா 25. 275 என்றால் லெவோடோபா 250, கார்பிடோபா 25. டைடோமெட் போன்றவற்றில் எண்ணுக்குப் பதில் எல்.எஸ்., பிளஸ், ஃபோர்ட் என்று வரும். உள்ளே அதே மூன்று கலவைகள்தான்.

இப்போது பாருங்கள். 110-இலும் 125-இலும் லெவோடோபா ஒன்றுதான். 'சிறிய எண், அதனால் வீரியம் குறைவு' என்று நினைத்து ஒன்றுக்கு ஒன்றரை கொடுப்பது தவறு. மாறாக 275 என்பது 125-ஐப் போல இரண்டு மடங்கு அல்ல. லெவோடோபா இரண்டரை மடங்கு. அதைப் பாதியாக உடைத்தால் லெவோடோபா 125, கார்பிடோபா வெறும் 12.5. சீட்டில் உள்ள 125-க்கு அது சமம் ஆகாது.

கார்பிடோபாவும் முக்கியம். ஒரு நாளைக்கு 70 முதல் 100 மி.கி. வரை கார்பிடோபா இருந்தால்தான் லெவோடோபா வழியில் வீணாகாது. 125-ஐ மூன்று வேளை சாப்பிடுகிறவருக்கு 75 மி.கி. கிடைக்கிறது. அவருக்கே 110-ஐ மூன்று வேளை கொடுத்தால் 30 மி.கி.தான். குமட்டும், எழுந்தால் தலை சுற்றும், நடையும் மோசமாகும். அப்போது வீட்டில் 'இந்தக் கம்பெனி சரியில்லை' என்பார்கள். கம்பெனி காரணம் அல்ல, கார்பிடோபா குறைந்ததுதான் காரணம். எந்த மாற்றத்தையும் மருத்துவரிடம் இந்த எண்களோடு சொல்லிக் கேட்டுச் செய்யுங்கள்.

சி.ஆர். மாத்திரை கிடைக்கவில்லை. சாதாரண மாத்திரையை அதே அளவில் கொடுக்கலாமா? இருக்கிற சி.ஆர். மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா?

இரண்டுமே கூடாது. சி.ஆர். என்றால் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும் மாத்திரை. அதில் உள்ள லெவோடோபா முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. சாதாரண மாத்திரையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய முக்கால் பங்குதான் சேரும். எனவே 200-க்கு 200 என்று மாற்றினால் அளவு கூடிவிடும். சாதாரண மாத்திரை சீக்கிரம் தீர்ந்தும் விடும் என்பதால் எத்தனை வேளையாகப் பிரிப்பது என்பதையும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

பொடித்தால் மெதுவாக வெளிவரவேண்டிய மருந்து ஒரேயடியாக வெளிவரும். மென்று தின்னவும் கூடாது. விழுங்கச் சிரமப்படுகிறவர் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சாதாரண மாத்திரையை நீரில் கரைத்துக் கொடுக்க வழி உண்டு.

மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை வருவதில்லை. என்ன செய்வது?

லெவோடோபா, கார்பிடோபாவோடு என்டகாபோன் சேர்ந்த மாத்திரையைச் சொல்கிறீர்கள். என்டகாபோன் 200 மி.கி. தனியாகவும் வருகிறது. இரண்டு மாத்திரையாகப் பிரித்து ஒரே நேரத்தில் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் இதுதான் தீர்வாக அமைகிறது. என்டகாபோனை மட்டும் தனியே சாப்பிட்டுப் பயன் இல்லை, அது லெவோடோபாவுக்குத் துணை மருந்துதான். சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போவது அதன் இயல்பு.

இருக்கிற பத்து மாத்திரையை ஒருவேளை விட்டு ஒருவேளை கொடுத்து இழுக்கலாமா?

நீங்களாக அப்படிச் செய்யாதீர்கள். மருத்துவரிடம் 'இன்னும் இத்தனை மாத்திரைதான் இருக்கிறது, புதிது வர இத்தனை நாள் ஆகும்' என்று கணக்குச் சொல்லுங்கள். எந்த வேளையை எவ்வளவு குறைத்தால் ஆள் தாங்குவார் என்று அவர் சொல்வார். முழுவதும் தீரும்வரை சாப்பிட்டுவிட்டு ஒரேயடியாக நிற்பதும், நீங்களாக வெட்டிக் குறைப்பதும் இரண்டுமே ஆபத்து. பத்து மாத்திரை இருக்கும்போது பேசினால் மருத்துவருக்குச் செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஒன்றும் இல்லாதபோது பேசினால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றுதான் சொல்ல முடியும்.

பக்கத்து வீட்டு மாமாவுக்கும் இதே நோய். அவரிடம் ஓர் அட்டை கடன் வாங்கலாமா?

அட்டையின் பின்னால் உள்ள மருந்தின் பெயர், அளவு, சி.ஆர். உண்டா இல்லையா என்ற மூன்றும் உங்கள் சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால், ஒன்றிரண்டு நாள் கைமாற்று ஓர் உயிர்காக்கும் உதவிதான். ஒன்று மாறினாலும் வேண்டாம். ஒரே நோய் என்பதால் ஒரே மருந்து என்று ஆகாது. கொடுக்கிறவர் வீட்டில் இதனால் பற்றாக்குறை வரக்கூடாது என்பதையும் யோசியுங்கள்.

லெவோடோபா கைவசம் இருக்கிறது. கூட எழுதிய மற்ற மாத்திரைதான் இல்லை. அதை விட்டுவிடலாமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. பிரமிபெக்சோல், ரோபினிரோல் இவற்றைச் சட்டென்று நிறுத்தினால் சிலருக்குப் பதற்றம், வியர்வை, உடம்பு வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு வரும். லெவோடோபாவைக் கூட்டிக் கொடுத்தாலும் இந்த அவதி தணியாது. அமன்டடின் சட்டென்று நின்றால் வயதானவர்களுக்கு மனக்குழப்பம், இல்லாததைக் காண்பது, உடம்பு இறுகுவது எல்லாம் நேரலாம். டிரைஹெக்ஸிஃபெனிடில், அதாவது பசிடேன் வகை மாத்திரையையும் மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

ரசாகிலின் மட்டும் சற்று வேறு. அதன் வேலை உடம்பில் பல நாள் நீடிக்கும், அதனால் ஓரிரு நாள் இடைவெளி அவ்வளவு உடனே தெரியாது. அதற்காக அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். நின்றுபோயிருப்பதை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

பூனைக்காலி விதையில் இதே மருந்து இருக்கிறதாமே? நெய்யாற்றின்கரையில் வைத்தியர் பொடி தருகிறார். மாத்திரைக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாமா?

அந்தச் செய்தி உண்மைதான். மலையாளத்தில் நாய்க்குரணை என்று சொல்லும் பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. ஆயுர்வேதம் கம்பவாதம் என்று சொல்லும் நடுக்க நோய்க்கு அதை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறது. நவீன ஆய்வுகளும் அது வேலை செய்வதைக் காட்டியிருக்கின்றன. அந்த வைத்தியத்தை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் விதையில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்பது நிலத்துக்கு நிலம், பதப்படுத்தும் முறைக்கு முறை மாறும். ஒரு கரண்டிப் பொடியில் 100 மில்லிகிராமா 300-ஆ என்று வீட்டில் யாராலும் அளந்து சொல்ல முடியாது. அதில் கார்பிடோபா இல்லாததால் குமட்டலும் ரத்த அழுத்தம் இறங்குவதும் கூடுதலாக வரலாம். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் இரட்டை அளவாகிவிடும். 'மூலிகைதானே' என்று மறைக்காதீர்கள். கொடுப்பதாக இருந்தால் நரம்பியல் மருத்துவர், வைத்தியர் இருவருக்கும் தெரிந்தே கொடுங்கள்.

மருந்து குறைவாக இருக்கும் நாட்களில் சாப்பாட்டில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஆம், இது வீட்டுக்காரர்கள் கையில் இருக்கும் விஷயம். புரதம் ஜீரணமாகிக் கிடைக்கும் பொருட்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டே மாத்திரை போட்டால், மாத்திரையின் ஒரு பகுதி வாசலிலேயே நின்றுவிடும். காலையில் புட்டும் பயறும் தின்றுவிட்டு மாத்திரை போடுகிறவர்கள் 'பதினொன்று மணிவரை வேலையே செய்யவில்லை' என்று சொல்வது இதனால்தான்.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ ஒரு மணி நேரம் பின்போ, ஒரு தம்ளர் தண்ணீரோடு போடுவது நல்லது. குமட்டினால் ஒன்றிரண்டு பிஸ்கட்டோ ஒரு துண்டு ஏத்தன் பழமோ போதும். மீன், முட்டை, பயறு ஆகியவற்றை விட்டுவிட வேண்டியதில்லை, உடம்பு மெலிந்துவிடும். மாத்திரை நேரத்தை விட்டு விலக்கி வைத்தால் போதும். இரும்புச்சத்து மாத்திரையை இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். மலச்சிக்கல் இருந்தாலும் மருந்து சரியாக ஏறாது. தண்ணீர், கீரை, நார்ச்சத்து இவற்றைக் கவனியுங்கள்.

மாத்திரை மாற்றியதில் வாந்தியும் தலைசுற்றலும். கடையில் வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

வாங்குவதற்கு முன்பு, இது பார்க்கின்சன் நோயாளிக்கு என்று கடைக்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வாந்திக்கு வழக்கமாகத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசின் இரண்டும் டோபமைனின் வேலையைத் தடுப்பவை. அவை பார்க்கின்சனை மேலும் மோசமாக்கும். தலைசுற்றலுக்கு எழுதும் சின்னரிசின், ஃபுளூனாரிசின் இரண்டும் அப்படியே. இரவில் குழப்பமாகப் பேசுகிறார் என்று தரப்படும் ஹாலோபெரிடாலும் அந்த வகைதான்.

மாத்திரை ஏற்கெனவே குறைந்திருக்கும் நாளில் இவற்றில் ஒன்றும் சேர்ந்தால் ஆள் படுத்த படுக்கையாகிவிடுவார். வாந்திக்கு டொம்பெரிடோன் பொதுவாகப் பொருந்தும், ஆனால் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். டொம்பெரிடோன் தவிர, கூடாது என்று மேலே சொன்ன பெயர்களைச் சீட்டுக் கவரின் மேல் எழுதி ஒட்டி வையுங்கள். அது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உதவும்.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

மாத்திரை குறைந்தோ நின்றோ போன பிறகு இவற்றில் ஏதாவது வந்தால்: கடும் காய்ச்சல், உடம்பு பலகை போல இறுகுவது, ஆளை அடையாளம் தெரியாத குழப்பம், கொட்டும் வியர்வை, வேகமான நெஞ்சுத்துடிப்பு, தண்ணீர்கூட விழுங்க முடியாமை, சிறுநீர் கறுத்துப் போவது. லெவோடோபா திடீரென்று நிற்பதால் வரும் உயிருக்கு ஆபத்தான நிலை இது. தாமதித்தால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் கெடும். இரண்டு மாநிலத்திலும் 108-ஐ அழைக்கலாம்.

நம் பக்கத்தில் மழை தொடங்கினால் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அதனால் இதையும் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணிப் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருந்துவிடுகிறார்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ திருவனந்தபுரமோ, எங்கே போனாலும் வாயிலில் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: 'பார்க்கின்சன் நோயாளி, இத்தனை நாளாக லெவோடோபா கிடைக்கவில்லை.' இதைச் சொல்லாவிட்டால் மருத்துவர்கள் டெங்குவையும் கிருமித்தொற்றையும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் இந்த மாத்திரை இல்லை என்கிறார்கள்.

வீட்டில் உள்ள அட்டைகளை எடுத்துச் செல்லுங்கள். அட்டையிலிருந்து பிரிக்காமல், சீட்டோடு சேர்த்து வார்டு செவிலியரிடம் காட்டி, கொடுக்கும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். வார்டில் மருந்து கொடுக்கும் நேரம் எட்டு, இரண்டு, எட்டு என்று இருக்கும். உங்கள் அம்மாவுக்கு ஆறு, பத்து, இரண்டு, ஆறு என்று இருக்கலாம். அவர் நேரப்படியே கொடுக்க வேண்டும் என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னால், இந்த மாத்திரையை என்ன செய்வது என்று மயக்க மருந்து மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். ரசாகிலின் அல்லது செலிகிலின் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள், பெத்திடின், டிரமடால் போன்ற வலி மருந்துகளோடு அவை ஒத்துப்போகாது.

மகன் சவூதியில் இருக்கிறான். அங்கிருந்து கொண்டுவரலாமா?

சொந்தத் தேவைக்கான அளவில், சீட்டோடும் கம்பெனிப் பெட்டியோடும் கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் எண்களில் சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டு அட்டைகள் பலவற்றில் கார்பிடோபாவை முதலில் எழுதுவார்கள்: 25/100 என்பது நம் 125. 25/250 என்பது நம் 275. சில நாடுகளில் கார்பிடோபாவுக்குப் பதில் பென்செரசைடு இருக்கும். அந்த வகையில் 250 என்று எழுதியிருந்தால் லெவோடோபா 200-தான். பிரித்துக் கொடுப்பதற்கு முன்பு மருந்தாளுநரிடமோ மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள்.

எத்தனை நாளுக்குக் கைவசம் வைத்திருப்பது நியாயம்? ஆறு மாதத்துக்கு வாங்கி வைத்தால் நிம்மதிதானே?

உங்களுக்கு நிம்மதி, அடுத்த வீட்டுக்குப் பட்டினி. நாலைந்து குடும்பங்களுக்கு மட்டும் சரக்கு வரும் கடையில் ஒருவர் ஆறு மாதத்துக்கு வாங்கினால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும்? மாதச் சரக்கோடு கூடுதலாக இரண்டு வாரத்துக்கு இருந்தால் போதும். கடைசி அட்டையைத் திறக்கும் நாளிலேயே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரே கடையில் வாங்கினால் கடைக்காரருக்கு உங்கள் தேவை தெரியும், உங்கள் பெயருக்கு எடுத்து வைப்பார்.

மழைக்காலத்துக்கு முன்பு மட்டும் இன்னும் சற்றுக் கூடுதலாக வையுங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டுக் கிடந்தன. 2020-இல் ஊரடங்கு வந்தபோது எல்லையே மூடப்பட்டது. மாத்திரையை அட்டையிலேயே வைத்து, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். அடுப்பங்கரை, குளியலறை, ஜன்னலோரம் வேண்டாம். நிறம் கறுத்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். காலாவதித் தேதி சீக்கிரம் வரும் அட்டையை முதலில் எடுங்கள்.

எங்கும் கிடைக்கவில்லை என்றால் யாரிடம் முறையிடுவது?

லெவோடோபா-கார்பிடோபா தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் மருந்துகளின் விலைக்கு உச்சவரம்பு வைப்பதும், அவை கிடைக்கின்றனவா என்று பார்ப்பதும் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் பொறுப்பு. 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, விலை வரம்புக்குள் வரும் மருந்தின் தயாரிப்பை நிறுத்த விரும்பும் கம்பெனி குறைந்தது ஆறு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். மருந்து கிடைக்கவில்லை, கூடுதல் விலை கேட்டார்கள் என்ற புகார்களுக்கு ஆணையத்தின் 'ஃபார்மா ஜன் சமாதான்' இணையச் சேவை உண்டு. மாவட்ட மருந்து ஆய்வாளரிடமும் எழுதிக் கொடுக்கலாம்.

புகாரில் மருந்தின் பெயர், அளவு, கம்பெனி, எந்தெந்த ஊரில் எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். நான்கு குடும்பங்கள் தனித்தனியாக எழுதினால் கவனிப்பார்கள். இது உரிமை, கெஞ்சல் அல்ல. ஆனால் புகாருக்குப் பதில் வரும்வரை தேடுவதை நிறுத்தாதீர்கள்.

பத்து நாளுக்குப் பிறகு மாத்திரை கிடைத்துவிட்டது. பழைய அளவையே உடனே கொடுக்கலாமா? விட்டுப்போனதற்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா?

விட்டுப்போனதைச் சேர்த்துக் கொடுப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஒரு வேளை மாத்திரை தவறியிருந்தால், நினைவு வந்ததும் வழக்கமான ஒரு வேளை அளவு, அவ்வளவுதான். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கியிருந்தால் அதோடு தொடருங்கள்.

பல நாள் நின்றிருந்தால், மருத்துவரைக் கேட்காமல் பழைய அளவுக்குத் தாவாதீர்கள். லெவோடோபாவில் குமட்டலும் ரத்த அழுத்த இறக்கமும் குழப்பமும் வரலாம். பிரமிபெக்சோல், ரோபினிரோல் நின்றிருந்தால் ஆரம்பத்தில் செய்ததுபோலச் சிறிய அளவிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டிவரும். காய்ச்சல், இறுக்கம் போன்ற மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தவர் என்றால் மருந்தைத் திரும்பத் தொடங்குவது ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும்.

மருத்துவர் சொன்ன அளவில் தொடங்கிய முதல் சில நாட்கள், படுக்கையிலிருந்து எழும்போது கட்டிலின் ஓரத்தில் இரண்டு நிமிடம் கால் தொங்க உட்காரவைத்துப் பிறகு நிற்கவையுங்கள். கழிப்பறைக்கு இரவில் தனியாக விடாதீர்கள். மாத்திரை கொடுத்த நேரம், உடம்பு இளகிய நேரம், மறுபடி இறுகிய நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவர் அளவை முடிவு செய்யும்போது அந்த நோட்டைத்தான் கேட்பார்.